மாத வாடகைக்கு ஒரு வெள்ளைக் கார்

விழுப்புரம்,
6.6.2025

கோகுலுக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம், தாளில் இடம் இருந்தால்.

நேற்று சாயங்காலம் போன் போட்டு, "வியாழக்கிழமைன்னா வண்டி டோல்கேட்டத் தாண்டிப் போய்க்கினு வந்துக்கினு இருக்குதே, மாமா அத்த உள்வாடகைக்கு உட்டுக்கினு இருக்காரா?" என்று கேட்டாய். நான் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். வாயைத் திறந்திருந்தால் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்திருப்பார்கள். வண்டி விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டினால் உன் போனுக்கு மெசேஜ் வரும் என்று எனக்குத் தெரியும். அதை நீ கிழமை வாரியாக எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பாய் என்று தெரியாது.

இனி வண்டி விஷயமாகப் போன் வேண்டாம். போனில் ஒன்று சொல்கிறாய், பத்து நாள் கழித்து "நான் எப்போ அப்படிச் சொன்னேன்?" என்கிறாய். வாட்ஸ்அப்பும் வேண்டாம். உன் மகள் காதுகுத்தில், உனக்கு மட்டும் நான் அனுப்பிய வாய்ஸ் மெசேஜை இருபது பேர் நடுவில் போட்டுக் காட்டிச் சிரித்தவன் நீ. எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். இதை ஸ்பீடு போஸ்டில் அனுப்புகிறேன், ரசீதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

வியாழக்கிழமை ரகசியத்தையும் சொல்லிவிடுகிறேன். திண்டிவனத்தில் சவுரியம்மாள் என்று ஒரு ரிட்டயர்டு டீச்சர், இடுப்பெலும்பு உடைந்து ஆபரேஷன் ஆனவர். அவரை நடக்க வைக்கத்தான் வாரா வாரம் வருகிறேன். உன் ஒர்க் ஷாப்புக்கு இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. அவ்வளவு பக்கத்தில் வந்தும் தம்பியைப் பார்க்காமல் திரும்புகிறோமே என்று எனக்குக் கஷ்டமாக இருந்தது. உன் போன் வந்த பிறகு அந்தக் கஷ்டம் போய்விட்டது.

இப்போது விஷயம். இந்த வண்டியை உன்னிடம் இரண்டரை வருஷமாக மாத வாடகைக்கு ஓட்டுகிறேன். மாதம் பதினாலாயிரத்து ஐந்நூறு. கொடுத்ததைக் கூட்டினால் நாலு லட்சத்துக்கு மேல் வருகிறது, இந்நேரம் ஒரு காரே வாங்கியிருக்கலாம் என்று உன் மாமா தினமும் காலையில் காப்பியோடு சொல்கிறார். மில் வேலை போனதிலிருந்து அவருக்குக் கூட்டல் கழித்தல் பார்க்க நேரம் நிறைய இருக்கிறது. சொல்வது சரியாகவும் இருக்கிறது, அதுதான் எரிச்சல்.

எனக்கு வண்டி சொகுசு இல்லை என்று உனக்குத் தெரியும். பக்கவாதம் வந்தவர்கள், கால் உடைந்தவர்கள் என்று பதினாலு பேர் எனக்காகக் காத்திருக்கிறார்கள். காணையில் நாலு பேர், திருவாமாத்தூரில் மூன்று பேர், மற்றவர்கள் இங்கொருவர் அங்கொருவர். தசைக்குக் கரண்ட் கொடுக்கும் மிஷினையும் வாக்கரையும் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போனால் ஒரு நாளைக்கு இரண்டு பேரைப் பார்க்கலாம். வண்டி கையில் இல்லை என்றால் என் பிசியோதெரபி இல்லை, எங்கள் வீட்டில் அடுப்பும் இல்லை.

ஆகவே இந்த மாதத்துக்குள் ஒரு முடிவு எடுக்கப் போகிறேன். உன்னிடமே தொடர்வதா, கம்பெனியில் லீசுக்கு எடுப்பதா, சொந்தமாக வாங்குவதா. முடிவெடுக்க எனக்கு வண்டியின் ஆர்.சி. நகலும் இன்சூரன்ஸ் நகலும் வேண்டும். "போலீஸ் மறிச்சா எனக்குப் போன் போடு, ஓனர் நான் பேசிக்கறேன்" என்று சொல்லியே இத்தனை நாளை ஓட்டிவிட்டாய்.

சித்ராவும் குழந்தையும் நலமா?

மலர்விழி

❋

திண்டிவனம்,
11.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி கோகுலகிருஷ்ணன் வணக்கம். ஸ்பீடு போஸ்ட் என்று போஸ்ட்மேன் கையெழுத்து கேட்டதும் சித்ரா கோர்ட் நோட்டீஸ் என்று நினைத்துவிட்டாள். பிரித்தால் நீ! சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

கையெழுத்து உன்னுடையது, பேச்சு மாமாவுடையது. அப்பாவின் காணை நிலம் என் பெயருக்கு வந்ததை அவர் இன்னும் மறக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அக்கா தம்பிக்குள் ஒரு வண்டி ஓடுகிறது, அது அவர் கண்ணை உறுத்துகிறது. நான் வேறென்ன சொல்ல.

நீ நியாயமாக யோசித்துப் பார். டயர் தேய்ந்தால் யார் மாற்றியது? நான். இன்சூரன்ஸ், ஆயில், பிரேக், எல்லாம் நான். போன டிசம்பர் வெள்ளத்தில் வண்டி தண்ணீரில் நின்றபோது மறுநாள் காலையில் வேறு வண்டி உன் வாசலில் நின்றதா இல்லையா? உனக்கு டெங்கு வந்து படுத்த மாதம் வாடகை கேட்டேனா? இதையெல்லாம் பாங்குக்காரன் செய்வானா? அவன் உடம்பு எப்படி இருக்கிறது என்றுகூடக் கேட்க மாட்டான். சொந்தமாக வாங்குகிறவர்கள் ஷோரூம் வாசலில் மாலை போட்டு போட்டோ எடுப்பார்கள். அந்த வாசலைத் தாண்டினதுமே வண்டிக்கு விலை இறங்கிவிடும். நான் பதினைந்து வருஷமாக வண்டிக்கு அடியில் படுத்துக் கிடப்பவன், எனக்குத் தெரியாதா?

லீஸ் என்பது அதைவிட மோசம். கிலோமீட்டர் கூடினால் காசு, கீறல் விழுந்தால் காசு. கடைசியில் வண்டியையும் வாங்கிக்கொண்டு, சீட் கவர் கிழிந்திருக்கிறது என்று பில் நீட்டுவான்.

வேண்டுமானால் ஒத்திக்கு ஒன்று பார்த்துத் தருகிறேன். வீடு ஒத்திக்குப் பிடிப்பதுபோலத்தான். மூன்று லட்சம் கொடுத்து வண்டியை எடுத்துக்கொள்ள வேண்டியது. மாத வாடகை கிடையாது. வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது மூன்று லட்சத்தையும் முழுசாக வாங்கிக்கொள்ளலாம். என் மூலமாகப் போனால் ஆள் ஏமாற்ற மாட்டான்.

ஆர்.சி. பீரோவில் இருக்கிறது. சாவி சித்ராவிடம். அவள் பத்து நாளாகச் செஞ்சியில் அம்மா வீட்டில் இருக்கிறாள். வந்ததும் எடுத்து அனுப்புகிறேன்.

சவுரியம்மாள் டீச்சர் வீடு எனக்கும் தெரியும். வந்துவிட்டு ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் போயிருக்கிறாய்.

கோகுல்

❋

விழுப்புரம்,
17.6.2025

கோகுலுக்கு,

சித்ரா பத்து நாளாகச் செஞ்சியில் இருக்கிறாள். ஆனால் என் கடிதத்தைப் பார்த்துக் கோர்ட் நோட்டீஸ் என்று திண்டிவனத்தில் பயந்தாள். அவளுக்கு இவ்வளவு வித்தை தெரியும் என்று இத்தனை நாள் எனக்குத் தெரியாமல் போய்விட்டது. பொய் சொல்கிறவன் ஒரே கடிதத்தில் இரண்டு சொல்லக் கூடாது, கோகுல். போனில் இதெல்லாம் எனக்குப் பிடிபட்டதே இல்லை. எழுதச் சொன்னது எவ்வளவு நல்லது பார்.

ஆனால் டெங்கு மாதத்தையும் வெள்ளத்தையும் நான் மறுக்கவில்லை. அன்று காலை வாசலில் வண்டியைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதுவும் உண்மை. அதனால்தான் இத்தனை நாள் எதையும் கேட்காமல் இருந்தேன்.

லீசைப் பற்றி நானே விசாரித்துவிட்டேன். சென்னைக் கம்பெனி ஒன்றில் ஒரு பெண் நன்றாகவே பேசினாள். இரண்டு வருஷ வருமான வரிக் கணக்கு கேட்டாள். நான் நோயாளியிடம் வாங்குவது கையில் காசு, சில வீட்டில் மல்லாட்டை, ஒரு வீட்டில் கேப்பை மாவு. இதற்கு எந்தக் கணக்கைக் காட்டுவது? அதோடு விழுப்புரத்துக்கு அவர்கள் வண்டி கொடுப்பதே இல்லையாம். லீஸ் அத்தோடு முடிந்தது.

ஒத்தி வேண்டாம். திருவாமாத்தூரில் நான் பார்க்கிற அஞ்சம்மாளின் மருமகன் ஒத்திக்கு ஒரு கார் எடுத்தான். எட்டு மாதம் ஓட்டினான். ஒரு நாள் வேறு யாரோ வந்து, "இது என் வண்டி, வாடகைக்கு விட்டிருந்தேன், எவனோ உனக்கு ஒத்தி வச்சிட்டான்" என்று சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டான். கொடுத்த பணம் இன்னும் வரவில்லை. நீ பார்த்துத் தந்தாலும் வேண்டாம். நீ பார்த்துத் தந்தால் நிச்சயமாக வேண்டாம் என்று உன் மாமா சொல்கிறார், அதை அப்படியே எழுதச் சொன்னார்.

ஆகவே வாங்குவது என்று ஏறக்குறைய முடிவு செய்துவிட்டேன். சீட்டு எடுத்த ஒரு லட்சத்தை முன்பணமாகக் கட்டினால், மாதத் தவணை உன் வாடகை அளவுக்குத்தான் வருகிறது. டயரும் இன்சூரன்சும் என் தலையில் விழும், தெரியும். உடம்பு முடியாமல் படுத்தாலும் தவணை நிற்காது, அதுவும் தெரியும். அதை நினைத்துத்தான் இரண்டு நாள் தூங்கவில்லை. ஆனாலும் நாலு வருஷம் கழித்து ஏதோ ஒன்று என்னுடையது என்று வாசலில் நிற்கும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் வீடு வாடகை, வண்டி வாடகை, தண்ணீர் கேன்கூட டெபாசிட்.

வருகிற திங்கட்கிழமை ஷோரூமில் பான் கார்டையும் ஆதாரையும் கொடுக்கப் போகிறேன். என் பெயரில் எவ்வளவு கடன் கிடைக்கும் என்று பார்த்துச் சொல்வார்கள். ஆர்.சி. நகல் இன்னும் வரவில்லை.

மலர்விழி

❋

திண்டிவனம்,
20.6.2025

அக்கா,

அவசரமாக எழுதுகிறேன். கூரியரில் அனுப்புகிறேன், போஸ்ட்டை நம்பிக்கொண்டிருக்க முடியாது.

தயவுசெய்து யாரிடமும் பான் கார்டைக் கொடுக்காதே. ஷோரூம்காரர்கள் பத்து பாங்கில் போட்டுத் தட்டிப் பார்ப்பார்கள், ஒவ்வொரு தடவைக்கும் உன் பெயர் கெடும். பிறகு ஒரு மிக்ஸிகூடத் தவணையில் கிடைக்காது. எத்தனை பேரை நான் பார்த்திருக்கிறேன். பேஜாரு பிடித்த விஷயம்.

நான் ஒன்று சொல்கிறேன், கேள். வாடகையில் இரண்டாயிரம் குறைத்துக்கொள்கிறேன். ஒரு வருஷம் பொறு. அதற்குள் நானே நல்ல வண்டியாகப் பார்த்து உனக்கு முடித்துத் தருகிறேன். மாமா இதற்கும் ஏதாவது சொல்வார். சொல்லட்டும்.

சித்ரா விஷயம்: அவள் செஞ்சிக்குப் போனாள், நடுவில் ஒரு நாள் வந்தாள், திரும்பப் போனாள். இதற்கெல்லாம் நான் பஸ் டிக்கெட் காட்ட வேண்டுமா?

நீ இன்சூரன்ஸ் கேட்டாய் இல்லையா, அது இந்த மாதம் புதுப்பிக்க வேண்டியது. வண்டியை ஓட்டுகிறவர் கையெழுத்தும் வேண்டும் என்கிறார்கள். பேப்பர்களை இதோடு வைத்திருக்கிறேன். பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடங்களில் மட்டும் கையெழுத்துப் போட்டு, ஜல்தியாகக் கூரியரில் அனுப்பிவிடு. தேதி போடாதே, அதை ஏஜெண்ட் போட்டுக்கொள்வான். நாலே இடம்தான்.

திங்கட்கிழமை ஷோரூமுக்குப் போக வேண்டாம்.

கோகுல்

❋

விழுப்புரம்,
24.6.2025

கோகுலகிருஷ்ணனுக்கு,

சனிக்கிழமை உன் பேப்பர்கள் வந்தன. பேனாவை எடுத்து முதல் பெருக்கல் குறியில் வைத்தும்விட்டேன். வழக்கமாக நான் அப்படித்தான். ஆனால் ஒரு வாரமாக உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்ததில் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்துவிட்டது. பேப்பர் கையில் வந்தால் மேலேயிருந்து படிக்கிறேன்.

அது இன்சூரன்ஸ் பேப்பர் இல்லை. வண்டியை ஒருவர் பெயரிலிருந்து இன்னொருவர் பெயருக்கு மாற்றுகிற படிவம். வாங்குகிறவர் பெயர் கோகுலகிருஷ்ணன், தந்தை பெயர் பெரியதம்பி. விற்கிறவர் என்ற இடத்தில் மலர்விழி, கணவர் பெயர் ராஜ்குமார், கதவு எண்ணோடு என் விலாசம்.

நாலைந்து தடவை படித்தேன். பிறகு அவரைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன். அவர் படித்துவிட்டு, என் கையிலிருந்த பேனாவை வாங்கி மூடி வைத்தார்.

போன வருஷம் காணை ரோட்டில் போலீஸ் மறித்தது ஞாபகம் வந்தது. நான் வழக்கம்போல் உனக்குப் போன் போட்டேன், நீ எடுக்கவில்லை. அந்தப் போலீஸ்காரர் தன் மொபைலில் நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "உங்க வண்டிதானேம்மா, ஏன் பயந்துக்கினு இருக்கீங்க, போங்க" என்றார். பெண் என்று மரியாதைக்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு, தேங்க்ஸ் சொல்லிவிட்டு வந்தேன். ஊரில் இருக்கிற போலீஸுக்குக்கூடத் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை.

திங்கட்கிழமை ஷோரூமுக்குப் போகவில்லை. நீ சொன்னபடியே கேட்டேன். நேராகப் படிவத்தில் பெயர் போட்டிருந்த பைனான்ஸ் ஆபீசுக்குப் போனேன். ஆதாரைக் காட்டியதும் ஸ்டேட்மெண்ட் கொடுத்துவிட்டார்கள். கடன் வாங்கியவர் நான். முப்பத்தாறு தவணை. முப்பது கட்டியாகிவிட்டது, ஆறு பாக்கி. ஒரு தவணை பதின்மூன்றாயிரத்துத் தொள்ளாயிரம். விண்ணப்பத்தில் என் கையெழுத்தும் போட்டோவும் இருக்கின்றன. இரண்டரை வருஷத்துக்கு முன் நீ வீட்டுக்கு வந்து, "சும்மா ஜாமீன் கையெழுத்துக்கா, ஒரு நிமிஷம்" என்று வாங்கிக்கொண்டு போனாயே, அதுதான். அன்று உனக்கு முருங்கைக்கீரை அடை சுட்டுக் கொடுத்தேன்.

ஆக, நான் என் வண்டியை உன்னிடம் வாடகைக்கு எடுத்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். என் கடனை என் காசில் நீ கட்டுகிறாய், மாதம் அறுநூறு ரூபாய் உன் சிரமத்துக்கு. கட்டி முடிகிற சமயத்தில் வண்டியை உன் பெயருக்கு மாற்ற என்னிடமே கையெழுத்து கேட்கிறாய்.

நான் சொல்வதில் ஏதாவது தப்பு இருந்தால் எழுது. இருக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்கிறேன், கோகுல்.

மலர்விழி

❋

திண்டிவனம்,
27.6.2025

அக்கா,

நீ நினைப்பதுபோல் இல்லை. அப்பா மேல் சத்தியமாக இல்லை.

என் பெயரில் கடன் கிடைக்கவில்லை. முன்னால் வாங்கிய இரண்டு வண்டிக்குத் தவணை தவறியதில் என் பெயர் கெட்டுப்போயிருந்தது. அதனால் உன் பெயரில் போட்டேன். சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தேன். சொன்னால் மாமா குதிப்பார் என்று தள்ளிப் போட்டேன். தள்ளிப் போட்டால் எல்லாம் கெட்டுப்போகிறது, அது என் ராசி.

முன்பணம் ஒன்றரை லட்சம் என் கைக்காசு. அதை நீ எழுதவில்லை. டயர், இன்சூரன்ஸ், டெங்கு மாதத் தவணை, எல்லாம் என் கைக்காசு. ஒரு தவணையாவது தவறியிருக்கிறதா என்று அந்த ஸ்டேட்மெண்டில் பார். என் பெயரில் இருந்தபோது தவறியது, உன் பெயரில் ஒன்றுகூடத் தவறவில்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று நீயே யோசி.

கடன் முடிந்ததும் வண்டியை உனக்கே சீராகக் கொடுக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். கார்த்திகை மாதம் அண்ணன் தம்பி வீட்டிலிருந்து சீர் வருவதை உன் தெருவே பார்க்கட்டும் என்று நினைத்தேன். காணை நிலத்துக்கு உனக்கு ஒன்றும் செய்யவில்லை என்கிற பேச்சும் அதோடு போகும். அதைச் சொல்லாமல் வைத்திருந்தேன். இப்போது எல்லாம் கெட்டுவிட்டது.

சித்ராவுக்கு எதுவும் தெரியாது. அவளிடம் எதுவும் கேட்காதே.

கோகுல்

❋

விழுப்புரம்,
2.7.2025

கோகுல்,

உன் கடிதத்தைப் படித்ததும் ஒரு நிமிஷம் மனசு இளகிவிட்டது. சீர் என்ற வார்த்தைக்கு நான் இளகுவேன் என்று உனக்கு நன்றாகத் தெரியும். பிறகு எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்து மறுபடியும் படித்தேன்.

எனக்குச் சீராகக் கொடுக்கப் போகிற வண்டியை உன் பெயருக்கு மாற்ற எதற்குக் கையெழுத்து? ஏற்கெனவே என் பெயரில்தானே இருக்கிறது? நீ எதுவுமே செய்யாமல் கையைக் கட்டிக்கொண்டு இருந்திருந்தால்கூடச் சீர் வந்து சேர்ந்திருக்கும். நீ இவ்வளவு பாடுபட்டது அது வந்து சேராமல் இருப்பதற்குத்தான்.

தவணை தவறாததற்கு அர்த்தம் யோசித்தேன். முதல் தேதி காலையில் நான் பணம் அனுப்பினேன், ஐந்தாம் தேதி நீ கட்டினாய். அதுதான் அர்த்தம்.

இனி நடக்கப் போவது இது. மீதி ஆறு தவணையையும் நானே நேரடியாகக் கட்டுகிறேன். இந்த மாதத்தது நேற்றே கட்டிவிட்டேன், ரசீதின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். டோல்கேட் ஸ்டிக்கரை என் போன் நம்பருக்கு மாற்றிவிட்டேன். ஆர்.சி. கார்டைச் சித்ரா செஞ்சியில் இருந்தாலும் திண்டிவனத்தில் இருந்தாலும் பத்து நாளைக்குள் அனுப்பிவிடு. இல்லாவிட்டால் தொலைந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்துப் புதிதாக வாங்கிக்கொள்வேன். உன் முன்பணத்தை நான் திருப்பித் தரப் போவதில்லை. போலீசுக்கும் போகப் போவதில்லை. அவர் போகச் சொன்னார், நான்தான் வேண்டாம் என்றேன். அதற்காக உன்னை மன்னித்துவிட்டேன் என்று அர்த்தம் இல்லை.

வாடகையா, லீசா, சொந்தமா என்று ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டேன். வாங்கி இரண்டரை வருஷம் ஆகிவிட்டது என்று தெரியாமலே.

வண்டி விஷயம் இத்தோடு முடிந்தது. இன்னொன்று கேட்க வேண்டும். இதை அவருக்குக் காட்டாமல் எழுதுகிறேன்.

நாலு வருஷத்துக்கு முன் ரிஜிஸ்டர் ஆபீசில், அப்பாவுடைய காணை நிலத்தில் எனக்கு உரிமை இல்லை என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன். கூடப்பிறந்தவள் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது நம் பக்கத்தில் வழக்கம்தான், எல்லா வீட்டிலும் நடக்கிறது. ரிஜிஸ்டரார், "படிச்சிப் பாத்தீங்களாம்மா?" என்று கேட்டார். "என் தம்பி படிச்சிட்டான் சார், அது போதும்" என்றேன். நீ என் பக்கத்தில்தான் நின்றாய். வெளியே வந்து கரும்பு ஜூஸ் வாங்கிக் கொடுத்தாய். "உனக்குச் செய்ய வேண்டியதை நான் செய்யாமல் விடுவேனாக்கா" என்றாய்.

அன்றைக்கும் இப்படி நினைத்துக்கொண்டுதான் நின்றாயா? இவள் படிக்க மாட்டாள், எதை நீட்டினாலும் போடுவாள் என்று?

இதற்கு மட்டும் சத்தியம் இல்லாமல் பதில் எழுது. பத்து நாள் கழித்து எழுதினாலும் பரவாயில்லை. இல்லாவிட்டால் எழுதவே வேண்டாம். எழுதாவிட்டால் எனக்குத் தம்பி இல்லை என்று வைத்துக்கொள்கிறேன். அது ஒன்றும் கஷ்டம் இல்லை, பழகிவிடும் என்று நோயாளிகளிடம் தினமும் சொல்கிறேன்.

மலர்விழி

❋

திண்டிவனம்,
21.7.2025

அக்கா,

ஆர்.சி. கார்டை இதோடு வைத்திருக்கிறேன். அது பீரோவில் இல்லை. ஒர்க் ஷாப்பில் ஆயில் டப்பாக்களுக்குப் பின்னால் வைத்திருந்தேன். ஓரத்தில் கறை இருக்கும்.

மூன்று முறை எழுதிக் கிழித்தேன். மூன்றிலும் சத்தியம் வந்துவிட்டது.

முதலில் வண்டியைச் சொல்லிவிடுகிறேன். என்னிடம் இரண்டு வண்டி ஓடுகிறது என்று ஊரில் எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். போன வருஷமே இரண்டையும் பைனான்ஸ்காரர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஒர்க் ஷாப் வாசலில் டிராவல்ஸ் போர்டு மட்டும் தொங்குகிறது. வெள்ளத்தில் உன் வாசலுக்கு வந்தது நண்பனிடம் கெஞ்சி வாங்கிய வண்டி. மாதா மாதம் உன்னிடமிருந்து வருகிற வாடகை ஒன்றைக் காட்டித்தான் சித்ராவிடம் தொழில் நடக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த வண்டியை என் பெயருக்கு மாற்றி, கடன் முடிந்ததும் ஒத்திக்கு வைத்து, அந்தப் பணத்தில் ஒர்க் ஷாப்பை நிமிர்த்தலாம் என்று திட்டம். உனக்குத் தெரியவே தெரியாது என்று நினைத்தேன். நீ வாடகை கொடுத்துக்கொண்டே இருப்பாய் என்று நினைத்தேன். ஒத்திக்கு எடுக்கிறவன் வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விடுவானே, அக்காவுக்கு வண்டி எங்கே என்று யோசிக்கவில்லை. இது பொய் இல்லை, உண்மையிலேயே யோசிக்கவில்லை. அது பொய்யைவிட மோசம் என்று இப்போது தெரிகிறது.

சீர் என்று எழுதியது மாட்டிக்கொண்ட பிறகு தோன்றியது.

நீ கேட்டதற்குப் பதில், ஆமாம்.

ரிஜிஸ்டரார் கேட்டபோது நீ, "என் தம்பி படிச்சிட்டான், அது போதும்" என்றாய். எனக்கு அந்த நிமிஷம் வெட்கமாக இருந்தது என்று எழுதினால் நீ கொஞ்சம் ஆறுதல் அடைவாய். வெட்கமாக இல்லை. அப்பாடா என்று இருந்தது. அதில் நிலத்தின் மதிப்பைக் குறைத்துப் போட்டிருந்தேன். உனக்குப் பணம் கொடுத்துவிட்டதாக ஒரு வரியும் இருந்தது. நீ படித்திருந்தால் பேனாவைக் கீழே வைத்திருப்பாய். நீ படிக்கவில்லை. இவள் இப்படித்தான், இனி எப்போது வேண்டுமானாலும் கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஜூஸ் வாங்கிக் கொடுத்தது அந்தச் சந்தோஷத்தில்தான்.

சித்ராவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இப்போது உண்மையிலேயே செஞ்சிக்குப் போயிருக்கிறாள்.

உன்னிடம் எதையும் கேட்டு இதை எழுதவில்லை.

கோகுல்

❋

விழுப்புரம்,
26.7.2025

கோகுல்,

கடிதமும் கார்டும் கிடைத்தன. கார்டைப் பர்சில் வைத்துக்கொண்டேன். கடிதத்தை அவர் படித்துவிட்டு, "இத்த பத்திரமா வையி, கோர்ட்டுக்கு ஆவும்" என்றார். வைத்திருக்கிறேன், கோர்ட்டுக்காக இல்லை.

நீ "ஆமாம்" என்று எழுதிய இடத்தில் எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை, கோபம்தான் வந்தது. காணைக்குப் போகிற வழியில், அந்த நிலத்தில் இருக்கிற நம் கரும்புத் தோட்டத்தின் பக்கமாக வண்டியை நிறுத்திவிட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உன்னைத் திட்டினேன். அப்பாவையும் சேர்த்துத்தான் திட்டினேன். பிறகு நேரமாகிவிட்டது, நோயாளி காத்துக்கொண்டிருப்பார் என்று கிளம்பினேன். அந்தச் சாயங்காலம்தான் அழுதேன். நீ பொய் சொல்லியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. இந்த ஒன்றை மட்டும் உன்னால் ஏமாற்றியிருக்க முடியும். நீ அதைச் செய்யவில்லை.

அந்தப் பத்திரத்தின் நகலுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். வந்ததும் ஒரு வக்கீலிடம் காட்டுவேன். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் நானே படித்த பிறகு. அதில் என்ன வருமோ வரட்டும், அதை உனக்கு மறைத்துச் செய்ய மாட்டேன்.

சித்ராவிடம் நான் பேசவில்லை. நீ கேட்கச் சொன்னால் பேசுகிறேன்.

வண்டிக்கு ஆயில் மாற்ற வேண்டும், பிரேக் போட்டால் கீச் என்று சத்தம் வருகிறது. இங்கே ஒருவனிடம் காட்டினேன், அவன் முகமே சரியில்லை. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு உன் ஒர்க் ஷாப்புக்குக் கொண்டுவருகிறேன். ஓனர் பெயர் என்று கேட்கிற இடத்தில் என் பெயரை எழுதி, பில் போட்டுக் கொடு. மற்ற கஸ்டமர்களிடம் எவ்வளவு வாங்குகிறாயோ அவ்வளவு வாங்கிக்கொள். வேலை முடிகிறவரைக்கும் வீட்டுக்குள் போய் உட்காரச் சொல்லாதே. நான் பக்கத்திலேயே நின்று பார்ப்பேன்.

மலர்விழி